நகரத்து முயல் பண்ணைக்கு வரும்போது

கனடாவின் வான்கூவர் தீவில் விக்டோரியா பல்கலைக்கழகம் இருக்கிறது. 2010 வாக்கில் அந்த வளாகத்துப் புல்வெளிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முயல்கள் திரிந்தன. 1,600 வரை இருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு சொன்னது. கறுப்பு, வெள்ளை, பழுப்பு, திட்டுத்திட்டாகப் புள்ளி விழுந்தது என்று எல்லா நிறத்திலும் இருந்தன. காட்டு முயலுக்கு இத்தனை நிறம் கிடையாது. யாரோ ஆசைக்கு வாங்கி வளர்த்து, பிறகு பராமரிக்க முடியாமல், "இவ்வளவு புல் இருக்கிறதே, பிழைத்துக்கொள்ளும்" என்று கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன வளர்ப்பு முயல்களின் வம்சம் அது. விளையாட்டுத் திடல்களில் குழி விழுந்தது, செடிகொடிகள் மொட்டையாகின. கொன்று குறைக்கலாம் என்று நிர்வாகம் முடிவெடுத்தபோது எதிர்ப்பு கிளம்பி, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் முயல்களைப் பிடித்து, கருத்தடை செய்து, மாகாண அரசின் அனுமதியோடு விலங்குக் காப்பகங்களுக்கு அனுப்பினார்கள். சுமார் 900 முயல்கள் அப்படிப் போயின. சில அதே தீவில் இருக்கும் கூம்ப்ஸ் என்ற சிற்றூருக்கு, சில எல்லை தாண்டி அமெரிக்காவின் டெக்சஸ் வரைக்கும்.

நகரத்தைப் பொறுத்தவரை கதை அத்தோடு முடிந்தது. ஆனால் கூண்டுகள் வண்டியிலிருந்து இறங்குகிற இடமும் ஓர் ஊர்தான். காப்பகத்து வேலிக்கு அடுத்த பக்கம் யாரோ ஒருவருடைய தீவனப் புல் நிற்கும், இல்லையென்றால் காய்கறிப் பாத்தி, இளம் பழமரங்கள். முயலை இங்கே கொண்டுவரலாமா என்று அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஓர் உயிரைக் கொல்ல மனம் வராதது நல்ல குணம், அதில் எனக்கு மறுப்பே இல்லை. அந்த நல்ல மனசுக்கு ஆகிற செலவு யார் தலையில் விழுகிறது என்ற கேள்வியை மட்டும் எப்போதும் விட்டுவிடுகிறோம்.

முதலில் எந்த முயலைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். தமிழில் எல்லாவற்றையும் முயல் என்றே சொல்லிவிடுகிறோம், ஆனால் இரண்டு வகை உண்டு. புதரடியில் தரைமேலேயே படுத்து, கண் திறந்த குட்டி போடும் முயல் ஒன்று. மண்ணுக்குள் வளை தோண்டி, கூட்டமாக வாழ்ந்து, கண் திறக்காத, முடி முளைக்காத குட்டி போடும் குழிமுயல் இன்னொன்று. உலகம் முழுக்க வீட்டில் வளர்க்கிற முயல்கள் எல்லாமே ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து கிளம்பிய அந்தக் குழிமுயலின் வழிவந்தவை. கூண்டைவிட்டு வெளியேறித் தன்போக்கில் பெருகியவற்றை வசதிக்காக இங்கே திரிமுயல் என்கிறேன்.

குழிமுயலின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 30 நாள். ஈற்றுக்கு நாலைந்து குட்டி. ஈன்ற சில மணி நேரத்திலேயே மறுபடி சினையாகிவிடும். பிறந்த குட்டி நாலு மாதத்தில் தானும் ஈனத் தயாராகிவிடும். இரையும் மழையும் நன்றாக இருக்கும் ஆண்டில் ஒரே பெண் முயல் ஐந்தாறு ஈற்றுப் போட்டுவிடும். அதனால்தான் "பத்து முயல் தானே" என்ற பேச்சுக்குப் பண்ணைக்காரரிடம் மதிப்பில்லை. இன்னொரு கணக்கும் அவர் வைத்திருப்பார்: பத்து முயல் மேய்வது ஏறத்தாழ ஓர் ஆடு மேய்வதற்குச் சமம். நூறு முயல் இருந்தால், வாங்காத, விற்க முடியாத பத்து ஆடுகளுக்கு அவர் தீனி போடுகிறார் என்று அர்த்தம்.

முயல் மேய்ந்த வயலை ஓரத்தில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். புதரும் வளையும் இருக்கும் பக்கத்திலிருந்து பயிருக்குள் அரைவட்டமாக ஒரு சொட்டை விழுந்திருக்கும். வளைக்கு அருகே தரையோடு தரையாக இருக்கும், பத்தடி உள்ளே போனால் கணுக்கால் உயரம், இன்னும் உள்ளே போனால்தான் முழுப் பயிர். முயல் ஆபத்து வந்தால் வளைக்கு ஓட வேண்டும், அதனால் வெகுதூரம் போகாது. கடித்த தண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் கத்தியால் சரிவாகச் சீவியதுபோல இருக்கும். கொஞ்சம் மேடான இடத்தில் உருண்டை உருண்டையாகப் புழுக்கை குவிந்து கிடக்கும், அது அந்தக் கூட்டத்தின் எல்லைக் குறி. பழத்தோட்டம் என்றால் இளங்கன்றுகளின் அடிப்பட்டையில் பல் தடம் தெரியும். பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் மரம் செத்ததற்குச் சமம். ஆறேழு ஆண்டு கழித்துக் காய்க்க வேண்டிய மரம் ஒரே குளிர்காலத்தில் போய்விடும்.

மேய்ச்சல் நிலத்தில் சேதம் இவ்வளவு பளிச்சென்று தெரியாது, ஆனால் ஆழமானது. மாடும் ஆடும் விட்டுவிடுகிற அடித்தளிர் வரைக்கும் முயல் கொறிக்கும். இருப்பதிலேயே சத்தான புல்லையும் பயறுவகைச் செடிகளையும் முதலில் தேடித் தின்னும். மிஞ்சுவது களை. நல்ல புல்லின் வேர் செத்த இடத்தில் மண் பிடிமானம் விட்டுப்போய், அடுத்த மழையில் கரைகிறது. வளைகள் மண்டிய சரிவில் டிராக்டர் ஓட்ட முடியாது. குழியில் கால் விட்டு மாடோ குதிரையோ நொண்டினால் அந்தச் செலவும் பண்ணையின் கணக்கில்தான் ஏறும்.

ஆஸ்திரேலியா கற்றது

முயலை இடம் மாற்றுவது என்ற பேச்சு வந்தாலே எல்லோரும் ஆஸ்திரேலியாவைச் சொல்வார்கள். சொல்வது சரிதான், ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

1788-ல் முதல் கப்பல்களோடு ஐந்து முயல்கள் அங்கே இறங்கின. அதற்குப் பிறகும் எழுபது ஆண்டுகளாக எத்தனையோ பேர் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். பெரும்பாலும் அவை வளர்ப்பு முயல்கள், காதும் தொங்கும், நிறமும் பளிச்சிடும், ஆபத்தைக் கண்டால் ஓடத் தெரியாது. பெருநிலம் முழுக்கப் பரவும் பிரச்சினையாக அவை மாறவே இல்லை. 1859 கிறிஸ்துமஸ் சமயத்தில் விக்டோரியா மாநிலத்து வின்செல்சிக்கு அருகே, பார்வன் பார்க் பண்ணையில் தாமஸ் ஆஸ்டின் என்ற செல்வந்தர் வேட்டைக்காக இங்கிலாந்திலிருந்து 24 முயல்களை வரவழைத்தார். அவற்றில் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் பிடித்த காட்டு ரத்தம் இருந்தது. கண்டத்தையே மூடிய முயல் வெள்ளம் அந்த ஒரு பண்ணையிலிருந்து கிளம்பியது என்று 2022-ல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. ஆண்டுக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பரவியிருக்கிறது.

இந்த விவரத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "எந்த முயலை விட்டாலும் ஆஸ்திரேலியா ஆகிவிடும்" என்று பண்ணைக்காரர் பயந்தால் அது முழு உண்மை இல்லை. கூண்டில் வளர்ந்த முயலை வெட்டவெளியில் விட்டால் பெரும்பாலும் முதல் சில நாளிலேயே நரிக்கோ கழுகுக்கோ இரையாகிவிடும். "வளர்ப்பு முயல்தானே, எங்கே பிழைக்கப்போகிறது" என்று நகரத்துக்காரர் அசட்டையாக இருந்தால் அதுவும் உண்மை இல்லை. பல்கலைக்கழக வளாகம்போல இரையுள்ள, எதிரி குறைந்த இடத்தில் பல தலைமுறை பிழைத்துக் காட்டியவைதான் திரிமுயல்கள். எந்த முயல், எந்த மண், எத்தனை எதிரிகள் என்பதைப் பொறுத்து விடை மாறும். அந்தக் கணக்கில் தவறிவிட்டால் திருத்திக்கொள்ள வாய்ப்புக் கிடைக்காது.

திருத்த முயன்ற வரலாற்றைப் பாருங்கள். 1887-ல் நியூ சவுத் வேல்ஸ் அரசு முயலை ஒழிக்க வழி சொல்பவருக்கு 25,000 பவுண்டு பரிசு அறிவித்தது. பிரான்ஸிலிருந்து லூயி பாஸ்டரே கோழிக் காலராக் கிருமியோடு ஆட்களை அனுப்பினார். பரிசு யாருக்கும் போகவில்லை. மேற்கு ஆஸ்திரேலியா 1901-ல் தொடங்கி 1907-க்குள் மூன்று வேலிகள் கட்டியது, மொத்தம் 3,256 கிலோமீட்டர். வேலி முடிவதற்கு முன்பே முயல் அந்தப்பக்கம் போய்விட்டது. 1950-ல் முயலைக் கொல்லும் மிக்சோமா வைரஸைப் பரப்பினார்கள். 60 கோடி என்று மதிப்பிட்ட முயல் இரண்டே ஆண்டில் 10 கோடி ஆனது. கம்பளி விளைச்சல் ஏறியது, கடனில் மூழ்கியிருந்த பண்ணைகள் மூச்சுவிட்டன. பிறகு முயலுக்கு எதிர்ப்புசக்தி வந்தது, வைரஸும் வீரியம் குறைந்தது, எண்ணிக்கை மறுபடி ஏறியது. இன்றும் ஆஸ்திரேலிய விவசாயத்துக்கு முயலால் ஆண்டுக்கு 20 கோடி டாலருக்கு மேல் இழப்பு என்று கணக்கிடுகிறார்கள்.

அந்தத் தொகை யார் வீட்டில் எப்படிச் செலவாகிறது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். ஒரு பருவத்தில் ஒரு பண்ணை செய்ய வேண்டியது இது: கால்நடையை அந்த நிலத்திலிருந்து ஓட்டிவிட வேண்டும். காரட்டையோ ஓட்ஸையோ நஞ்சில்லாமல் சில இரவு தூவி முயலைப் பழக்க வேண்டும். அப்புறம் '1080' என்ற நஞ்சு தடவிய இரை. மிச்சமிருக்கும் சடலங்களைப் பொறுக்கிப் புதைக்க வேண்டும், ஏனென்றால் அதைத் தின்ற பண்ணை நாய் பிழைக்காது, மாற்று மருந்தும் கிடையாது. பிறகு டிராக்டரின் பின்னால் நீண்ட இரும்புக் கொழு மாட்டி வளைகளை அரை மீட்டருக்கும் கீழே கிழித்து மூட வேண்டும். தப்பிய வளைகளைக் குடும்பமே நடந்து தேட வேண்டும். இவ்வளவும் செய்து முடித்த பிறகு பக்கத்துப் பண்ணைக்காரர் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டால், அடுத்த ஆண்டு அவர் முயல் இவர் நிலத்துக்கு வரும். முயலால் நிலம் கெடுவதைவிட முன்னதாக அண்டை வீட்டு உறவு கெட்டுவிடுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

முயலைப் பிடித்துத் தோலும் கறியும் விற்றுப் பிழைத்தவர்களும் அங்கே உண்டு. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் பல ஏழைக் குடும்பங்களைக் காப்பாற்றியது முயல்கறிதான். அந்த நன்றியை மறக்கக் கூடாது. ஆனால் பிடித்து விற்பதே தொழிலானபோது, அடுத்த பருவத்துக்கு விதைபோலக் கொஞ்சம் விட்டுவைக்கும் வழக்கமும் வந்துவிட்டது. நியூசிலாந்து இதைப் புரிந்துகொண்டு, 1947-க்குப் பிறகு முயலுக்குச் சந்தை மதிப்பே இல்லாமல் செய்யும் கொள்கைக்குப் போனது. அதே நாடு 1880களில் முயலை அடக்க மரநாய் இனத்தைச் சேர்ந்த ஸ்டோட், ஃபெரட், வீசல் ஆகியவற்றை இறக்குமதி செய்தது. அவை முயலை ஒழிக்கவில்லை, பறக்கத் தெரியாத அந்நாட்டுப் பறவைகளைத் தின்று தீர்த்தன.

ஆசைக்கும் வேட்டைக்கும்

முயல் இடம் மாறுவதற்கு இரக்கம் மட்டும் காரணமில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சான் வான் தீவில் பழைய வளர்ப்பு முயல்களின் வம்சம் பெருகிக் கிடந்தது. 1950களில் அங்கிருந்து முயல்களைப் பிடித்து, வேட்டைக்காகவும் வேட்டை நாய்களைப் பழக்குவதற்காகவும் இந்தியானா, ஒஹையோ போன்ற நடுமேற்கு மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். சோளமும் சோயாவும் விளைகிற பூமி அது. வனவிலங்குத் துறையினர் பதறிப்போய் எச்சரித்தார்கள். நல்ல காலம், அவை பெரும்பாலும் அங்கே நிலைக்கவில்லை. அந்த அதிர்ஷ்டத்தின் பலனைத்தான் அந்த விவசாயிகள் இன்றுவரை அனுபவிக்கிறார்கள். அனுப்பியவர்களின் முன்யோசனைக்கு அதில் பங்கில்லை.

ஸ்பெயினின் நிலைமை இன்னும் சிக்கலானது. அது குழிமுயலின் சொந்த மண். நோயும் நிலமாற்றமும் சேர்ந்து பல காட்டுப் பகுதிகளில் முயலே இல்லாமல் போனதால், தாயகத்தில் அருகிவரும் இனம் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை வகைப்படுத்தியிருக்கிறது. முயலை நம்பி வாழும் ஐபீரியச் சிவிங்கிப் பூனைக்காகவும் வேட்டைக்காகவும் ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் லட்சக்கணக்கில் முயல்களைப் பிடித்து வேறிடத்தில் விட்டிருக்கிறார்கள். அதே நாட்டில் காஸ்டில்லா-லா மாஞ்சா சமவெளியில் நெடுஞ்சாலை, ரயில் பாதைகளின் மண்கரைகளில் வளை தோண்டிய முயல்கள் பார்லியையும் திராட்சைக் கொடியையும் இளம் ஒலிவ மரத்தையும் மொட்டையடிக்கின்றன. காட்டில் இல்லாத முயல் வயலில் மண்டிக்கிடக்கிறது. அங்கே விவசாயியிடம் போய் "முயல் அருகிவரும் இனம்" என்று சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்?

கூண்டோடு போகும் நோய்

முயல் தப்பிப் பெருகுவதைப் பற்றித்தான் ஊரில் பேசுவார்கள். கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்று அதைவிட வேகமானது. 1984-ல் சீனாவில் முயல் இரத்தக்கசிவு நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. ஓர் ஆண்டுக்குள் அங்கே 14 கோடி வளர்ப்பு முயல்கள் செத்தன. 2010-ல் பிரான்ஸில் அதன் புதிய வகை கிளம்பியது. ஈ, செருப்பு, சட்டை, தீவனம், கூண்டுக் கம்பி என்று எதில் வேண்டுமானாலும் இந்தக் கிருமி பயணம் செய்யும், வெளியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

2018 பிப்ரவரியில் அதே வான்கூவர் தீவில், நனைமோ நகரத்துப் பல்கலைக்கழக வளாகத்தில் திரிமுயல்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக் கிடந்தன. புதிய வகைக் கிருமிதான். அடுத்து தீவைத் தாண்டி டெல்டா நகரத்திலும் கண்டார்கள். கனடாவில் அதற்குத் தடுப்பூசி இல்லாததால் பிரான்ஸிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. கறிக்கும் கம்பளிக்கும் முயல் வளர்க்கிற சின்னப் பண்ணையாளருக்கு இது அன்றாட வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை. பக்கத்தில் ஒரு காப்பகத்துக்கு எங்கிருந்தோ முயல் வருகிறது என்றால் அவருக்குத் தூக்கம் வராதது நியாயம்தான்.

நோயை ஆயுதமாக எடுத்தவர்களும் விவசாயிகளே. 1997-ல் நியூசிலாந்து அரசு இந்த நோயின் பழைய வகைக் கிருமியை இறக்குமதி செய்ய அனுமதி மறுத்த சில வாரங்களில், மத்திய ஒட்டாகோவில் அது பரவியிருப்பது தெரியவந்தது. விவசாயிகள் ரகசியமாகக் கொண்டுவந்து, நோய் கண்ட முயலின் ஈரலையும் மற்ற உறுப்புகளையும் சமையலறை மிக்ஸியில் அரைத்து, ஓட்ஸிலும் காரட்டிலும் கலந்து வயலில் தூவியிருந்தார்கள். சட்டப்படி அது குற்றம், ஆபத்தானதும்கூட. ஆனால் ஒரு மனிதர் தன் வீட்டு மிக்ஸியில் அதை அரைக்கும் அளவுக்கு வந்திருக்கிறார் என்றால், எத்தனை ஆண்டுகளாக யாரும் அவர் பேச்சைக் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பொறுப்பு யாருடையது

பல நாட்டுச் சட்டங்களில் ஒரு பொதுவான குணம் உண்டு: முயல் எங்கிருந்து வந்தது என்று கேட்காது, இப்போது யார் நிலத்தில் இருக்கிறது என்றுதான் கேட்கும். பிரிட்டனின் 1954-ஆம் ஆண்டுப் பூச்சி-பிராணிச் சட்டப்படி, தன் நிலத்தில் இருக்கும் முயலைக் கட்டுப்படுத்துவது நிலத்தை வைத்திருப்பவரின் கடமை. ஆஸ்திரேலிய மாநிலங்களிலும் இதே போக்குத்தான். முயல் பொதுவாகச் சுற்றும் நாட்டில் இது சரியான விதி. ஆனால் நகரம் பிடித்து அனுப்பிய முயல் வேலி தாண்டினால், அனுப்பியவர் கை கழுவிவிடலாம், வாங்கியவர்கூடத் தப்பித்துவிடலாம், மூன்றாவதாக நிற்கும் பண்ணைக்காரரே முயலுக்குச் சொந்தக்காரர்போல ஆகிவிடுகிறார். இதை அநியாயம் என்றே சொல்வேன்.

காப்பகம் என்ற ஏற்பாடே தவறு என்பதல்ல என் பேச்சு. கருத்தடை செய்த முயல் பெருகாது, நல்ல வேலிக்குள் இருந்தால் யார் பயிரையும் தொடாது. விக்டோரியா பல்கலைக்கழக முயல்களுக்குக் கருத்தடையைக் கட்டாயமாக்கியது மிகச் சரியான முடிவு. ஆனால் வேலி என்பது ஒருநாள் வேலையா? 31 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பிவலை, இடுப்பளவு உயரம், அடியில் 15 சென்டிமீட்டராவது முயல் வருகிற பக்கமாக மடித்துப் பதிக்க வேண்டும். வெறுமனே நட்டால் தோண்டிவிடும். வெயிலில் துருப்பிடிக்கும், மரக்கிளை விழும், பனி குவிந்தால் முயல் அதன்மேல் ஏறி நடந்தே தாண்டும். எல்லாவற்றையும்விட வாசல் கதவுதான் ஓட்டை. ஒருவர் அவசரத்தில் தாழ்ப்பாள் போடாமல் போனால் போதும்.

அப்புறம், நன்றாகப் பராமரித்தால் முயல் பத்து ஆண்டு வாழும். காப்பகத்தை நடத்துகிறவருக்கு வயதாகும், நன்கொடை வற்றும், நகரத்துக்காரர்கள் அந்த முயல்களை மறந்தே போவார்கள். இரண்டாம் ஆண்டில் தீவனத்துக்குக் காசில்லாமல் போனால் அந்த முயல்களின் கதியும் பரிதாபம்தான். ஆகவே முயல் வண்டி ஏறுவதற்கு முன்பே, அதன் ஆயுள் முழுவதற்கும் ஆகும் செலவை அனுப்புகிற ஊர் எடுத்துவைக்க வேண்டும். வேலியைச் சோதிக்கும் உரிமை அண்டைப் பண்ணைகளுக்கு வேண்டும். நோய்த் தனிமைக் காலம் வேண்டும். எத்தனை முயல் வந்தது, எத்தனை இருக்கிறது என்று எவரும் பார்க்கும்படி ஒரு பதிவேடு வேண்டும். தப்பினால் யாரைக் கூப்பிடுவது, பயிர்ச்சேதத்துக்கு யார் பணம் தருவது என்று எழுத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் கெடுபிடியாகத் தெரியலாம். ஒரு வயலின் ஓரத்தில் நின்று அந்த அரைவட்டச் சொட்டையைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தெரியாது.

வேலி வேலை செய்யும் என்பதற்குச் சாட்சி ஆஸ்திரேலியாவிலேயே இருக்கிறது. குயின்ஸ்லாந்தின் டார்லிங் டவுன்ஸ் பகுதியில் 555 கிலோமீட்டர் நீள முயல் வேலி ஒன்று இன்றும் நிற்கிறது. அதைக் காப்பதற்கென்றே ஒரு வாரியம் உண்டு. அதன் ஆட்கள் வேலி நெடுக வண்டியில் போய், வெள்ளம் பெயர்த்த இடத்தை அடைத்து, கன்றுக்குட்டி முட்டி வளைத்த கம்பியை நிமிர்த்திக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப்பக்கம் இருக்கும் வளமான விளைநிலம் பெரும்பாலும் முயல் இல்லாமல் தப்பியிருக்கிறது. அந்த மாநிலத்தில் வீட்டில் ஆசைக்கு முயல் வளர்ப்பதே சட்டவிரோதம். மந்திர வித்தைக்காரரும் ஆராய்ச்சிக்கூடமும் மட்டும் அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளலாம். வாரியத்துக்கு ஆகும் பணத்தை வேலியோரப் பண்ணைக்காரர் தலையில் மட்டும் கட்டிவிடவில்லை. வேலியால் பயன்பெறும் உள்ளாட்சிகள் நகரமென்றும் கிராமமென்றும் பாராமல் பங்கு போட்டுக் கட்டுகின்றன.